ரயில் சிமுலேட்டர்களில் பிரேம் வீதம்: திரைப் பிரிதிறனும் வரைகலை அட்டையும்

பிரேம் வீதம் என்பது ஒரு கணினி ஒரு நொடியில் எத்தனை முழுப் படங்களை வரைந்து திரைக்கு அனுப்புகிறது என்பதைக் குறிக்கும் அளவாகும். ரயில் சிமுலேட்டர் மென்பொருள்களில் இந்த எண்ணைத் திரையின் பிரிதிறனும் வரைகலை அட்டையின் வேகமும் மட்டுமே தீர்மானிக்கின்றன என்ற எண்ணம் பரவலாக உள்ளது. இது பாதிதான் சரி. பல நேரங்களில் கணினியின் மையச் செயலியே தடையாக நிற்கிறது. அப்போது விலை உயர்ந்த வரைகலை அட்டையை வாங்கிப் பொருத்தினாலும் பிரேம் வீதம் ஒன்றுகூட ஏறாது. எது தடை என்பதைப் பணம் செலவழிக்கும் முன்பே கண்டுபிடிக்க முடியும். அதற்குச் செலவு எதுவும் இல்லை.

ஒரு பிரேம் உருவாகும் விதம்

ஒவ்வொரு பிரேமுக்கும் இரண்டு கட்டங்களில் வேலை நடக்கிறது. முதலில் செயலி, ரயில் இப்போது எங்கே இருக்கிறது, எந்த வேகத்தில் செல்கிறது, பிரேக் குழாயில் காற்றழுத்தம் எவ்வளவு, ஒவ்வொரு பெட்டிக்கும் இடையிலுள்ள கொக்கியில் இழுவிசை எவ்வளவு, எதிரே வரும் ரயில்கள் எங்கே, சிக்னல்கள் என்ன நிறத்தில் உள்ளன என்பனவற்றைக் கணக்கிடுகிறது. பின்னர், காட்சியில் தெரியவேண்டிய பொருள்கள் எவை என்று தேர்ந்து, "இந்தக் கட்டடத்தை வரை", "இந்தக் கம்பத்தை வரை" என ஒவ்வொன்றுக்கும் ஒரு வரைவுக் கட்டளையை வரைகலை அட்டைக்கு அனுப்புகிறது. வரைகலை அட்டை அந்தக் கட்டளைகளை வாங்கி, வடிவங்களைத் திரையில் பொருத்தி, ஒவ்வொரு பிக்சலுக்கும் உரிய நிறத்தைக் கணக்கிடுகிறது.

செயலி அடுத்த பிரேமுக்கான வேலையில் இருக்கும்போதே வரைகலை அட்டை முந்தைய பிரேமை வரைந்துகொண்டிருக்கும். ஆகவே இரண்டின் நேரத்தையும் கூட்ட வேண்டியதில்லை. எது மெதுவாக முடிகிறதோ அதுவே பிரேமுக்கான நேரத்தை ஏறத்தாழத் தீர்மானிக்கிறது. நொடிக்கு 60 பிரேம் வேண்டுமானால் ஒவ்வொரு பிரேமும் 16.7 மில்லிநொடிக்குள் முடியவேண்டும். 30 பிரேமுக்கு 33.3 மில்லிநொடி கிடைக்கிறது. திரையின் பிரிதிறனை மாற்றுவது வரைகலை அட்டையின் வேலையை மட்டுமே மாற்றுகிறது. செயலிக்குத் திரை பெரிதா சிறிதா என்பது ஒரு பொருட்டே அல்ல.

பிக்சல் கணக்கு

பிரிதிறன் உயரும்போது பிக்சல் எண்ணிக்கை, பெயரைப் பார்த்து நினைப்பதைவிட வேகமாக ஏறுகிறது. பழைய மடிக்கணினிகளில் காணப்படும் 1366×768 திரையில் சுமார் 10.5 லட்சம் பிக்சல்கள் உள்ளன. 1920×1080 திரையில் 20.7 லட்சம், 2560×1440 திரையில் 36.9 லட்சம், 4கே எனப்படும் 3840×2160 திரையில் 82.9 லட்சம். அதாவது 4கே திரை, முழு எச்டி திரையைப்போல் சரியாக நான்கு மடங்கு. நொடிக்கு 60 பிரேம் வீதம் அதை நிரப்ப ஏறக்குறைய 50 கோடி பிக்சல்களின் நிறத்தைக் கணக்கிட வேண்டும். மரங்களும் மழையும் புகையும் ஒன்றன்மேல் ஒன்றாக வரையப்படுவதால், ஒரே பிக்சல் பலமுறை வரையப்படுவதும் உண்டு. காட்டு வழியாகச் செல்லும் பாதைகளில் வரைகலை அட்டை திணறுவதற்கு இதுவே முதன்மையான காரணம்.

எனினும் பிக்சல் நான்கு மடங்கானால் வரைகலை அட்டையின் நேரமும் துல்லியமாக நான்கு மடங்காகிவிடாது. வடிவங்களின் முனைகளைக் கணக்கிடுதல், நிழல் வரைபடம் தயாரித்தல் போன்ற வேலைகள் திரையின் அளவைச் சார்ந்தவை அல்ல. ஆகவே உயர்வு நான்கு மடங்குக்குச் சற்றுக் குறைவாகவே இருக்கும்.

தடை எங்கே?

ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கு இதைத் தெளிவாக்கும். ஒரு கணினியில், நெரிசலான ஒரு நிலையத்துக்குள் நுழையும்போது செயலிக்கு ஒரு பிரேமுக்கு 25 மில்லிநொடி தேவைப்படுகிறது என்று கொள்வோம். வரைகலை அட்டைக்கு 1920×1080 பிரிதிறனில் 12 மில்லிநொடி போதும். செயலி மெதுவாக இருப்பதால் பிரேம் வீதம் 40. இப்போது இரு மடங்கு வேகமான புதிய அட்டையைப் பொருத்தினால் அட்டையின் நேரம் 6 மில்லிநொடியாகக் குறையும். பிரேம் வீதம் அதே 40. அட்டைக்குக் கொடுத்த பணம் முழுவதும் வீண்.

அதே கணினியில் 4கே திரையைப் பொருத்தினால் கதை மாறும். பழைய அட்டைக்கு இப்போது சுமார் 40 மில்லிநொடி ஆகும். பிரேம் வீதம் 25 ஆகச் சரியும். இந்த நிலையில் இரு மடங்கு வேகமான அட்டை 20 மில்லிநொடியில் முடித்துவிடும், செயலியின் 25 மில்லிநொடி மீண்டும் எல்லையாகும், பிரேம் வீதம் 40க்குத் திரும்பும். அதே அட்டை, அதே விலை. ஒரு திரைக்கு வீண், மற்றொன்றுக்குத் தேவை.

இதில் இன்னொரு பக்கமும் உண்டு. பழைய அட்டையை வைத்துக்கொண்டே 2560×1440 திரைக்கு மாறினால் அட்டையின் நேரம் 21 மில்லிநொடி அளவுக்குத்தான் ஏறும். அது செயலியின் 25க்குக் கீழே இருப்பதால் பிரேம் வீதம் குறையாது. சும்மா இருந்த அட்டையின் உழைப்பு தெளிவான படமாகக் கிடைக்கிறது. "பிரிதிறனைக் கூட்டினால் பிரேம் வீதம் குறையும்" என்ற பொதுவிதி ரயில் சிமுலேட்டர்களில் அடிக்கடி பொய்த்துப்போவது இதனால்தான்.

எது தடை என்பதை அறிய எளிய சோதனை ஒன்று உள்ளது. பிரேம் வீதம் குறையும் இடத்தில் ரயிலை நிறுத்தி, எண்ணைக் குறித்துக்கொண்டு, மென்பொருளின் அமைப்புகளில் பிரிதிறனை மட்டும் 1280×720 ஆகக் குறைக்கவேண்டும். மற்ற எதையும் தொடக்கூடாது. அதே இடத்தில், அதே வானிலையில், அதே கோணத்தில் எண் நன்றாக ஏறினால் வரைகலை அட்டையே தடை. எண் அசையாமல் இருந்தால் செயலியே தடை. இச்சோதனையை ஒரே இடத்தில் செய்தால் போதாது. அடர்ந்த காட்டில் அட்டை தடையாகவும், பெரிய நிலையத்தில் செயலி தடையாகவும் இருப்பது ஒரே கணினியில் ஒரே பயணத்திலேயே நிகழும். சோதனையின்போது பிரேம் வீதத்துக்கு உச்சவரம்பு எதுவும் அமைக்கப்பட்டிருக்கக்கூடாது என்பதும் முக்கியம். வரம்பு இருந்தால் இரு முடிவுகளும் ஒன்றுபோலவே தெரியும்.

ஓபன் ரெயில்ஸ் மென்பொருளில் இதைவிட நேரடியான வழி உண்டு. அதன் விரிவான தகவல் திரையில் வரைதல், புதுப்பித்தல், ஏற்றுதல், ஒலி என நான்கு பணிப்பிரிவுகள் தம் நேரத்தில் எத்தனை விழுக்காட்டைச் செலவிடுகின்றன என்று தனித்தனியாகக் காட்டப்படுகிறது.

செயலி ஏன் திணறுகிறது?

சுட்டு விளையாடும் பெரும்பாலான விளையாட்டுகளில் காட்சி ஓர் அறை, ஒரு தெரு என்ற எல்லைக்குள் அடங்கிவிடும். ரயில் சிமுலேட்டரில் பல கிலோமீட்டர் நீளப் பாதை கண்முன் விரிந்து கிடக்கிறது. தண்டவாளத் துண்டுகள், மின்கம்பங்கள், வேலிகள், வீடுகள், நின்றிருக்கும் பெட்டிகள் எனச் சிறு பொருள்கள் ஆயிரக்கணக்கில் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் வரைவுக் கட்டளை தேவை. நிழல்கள் இயக்கப்பட்டிருந்தால், நிழல் விழச்செய்யும் பொருள்களை இன்னொரு முறையும் வரையவேண்டும். பார்வைத் தொலைவை இரு மடங்காக்கினால் தெரியும் நிலப்பரப்பு நான்கு மடங்காகிறது. பார்வைத் தொலைவு என்ற அந்த ஒற்றை அமைப்பு, பல கணினிகளில் பிரிதிறனைவிடப் பிரேம் வீதத்தை அதிகம் பாதிக்கிறது.

2001இல் வெளிவந்த மைக்ரோசாப்ட் டிரெயின் சிமுலேட்டர் அக்காலத்துக் கணினிகளுக்காக எழுதப்பட்டது. பல உள்ளகங்கள் கொண்ட செயலிகள் வீட்டுக் கணினிகளில் அப்போது இல்லை. எனவே இன்றைய செயலியில் எட்டு உள்ளகங்கள் இருந்தாலும் அது ஒன்றையே பெரிதும் நம்பி ஓடுகிறது. அதன் பாதைகளையும் வண்டிகளையும் படிக்கவல்ல திறமூல மென்பொருளான ஓபன் ரெயில்ஸ், வேலையை மேற்சொன்ன நான்காகப் பிரித்துக்கொள்கிறது. பார்வைத் தொலைவையும் 10 கிலோமீட்டர் வரை நீட்டிக்க விடுகிறது. அதற்கான விலையையும் உடனே வசூலிக்கிறது.

2007இல் ரெயில் சிமுலேட்டராகத் தொடங்கி, 2009இல் ரெயில்வொர்க்ஸ் ஆகி, இன்று டிரெயின் சிமுலேட்டர் கிளாசிக் என்ற பெயரில் வழங்கும் மென்பொருள் டைரக்ட்எக்ஸ் 9 தொழில்நுட்பத்தில் அமைந்தது. அத்தொழில்நுட்பத்தில் வரைவுக் கட்டளைகள் நடைமுறையில் ஒரே வரிசையில்தான் செல்லும். இதனால் ஓர் உள்ளகம் முழு வேகத்தில் ஓட, மற்றவை ஓய்ந்திருக்க, வரைகலை அட்டையும் பாதி நேரம் கட்டளைக்காகக் காத்திருக்கும். 64 பிட் பதிப்பு 2018இல்தான் சேர்ந்தது. அதற்கு முந்தைய 32 பிட் பதிப்பால் அதிகபட்சம் 4 ஜிகாபைட் நினைவகத்தையே கையாள முடியும். கனமான பாதைகளில் மென்பொருள் திடீரென மூடிக்கொண்டதற்குக் காரணம் இந்த எல்லை. அட்டையை மாற்றி அதைச் சரிசெய்ய வழியில்லை.

2017இல் வந்த டிரெயின் சிம் வேர்ல்டு, அன்ரியல் எஞ்சின் 4ஐப் பயன்படுத்துவது. இதில் ஒளியும் நிழலும் நுணுக்கமானவை. ஒவ்வொரு பிக்சலுக்கும் ஆகும் வேலை மிக அதிகம். எனவே வரைகலை அட்டையும் பிரிதிறனும் இங்கே மூத்த மென்பொருள்களைவிட வெகுவாக முக்கியமாகின்றன. ஆனாலும் நீண்ட சரக்கு ரயில்களும் பரபரப்பான நிலையங்களும் செயலியை விட்டுவைப்பதில்லை.

கம்பி, தண்டவாளம், சிக்னல்

பிரிதிறனைக் குறைத்தால் பிரேம் வீதம் ஏறுகிறது, அப்படியே விட்டுவிடலாமே என்று கேட்கலாம். ரயில் சிமுலேட்டரில் அதற்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. இங்கே காட்சியின் பெரும்பகுதி மெல்லிய, நீண்ட கோடுகளால் ஆனது.

ஓட்டுநரின் கிடைமட்டப் பார்வைக் கோணம் 60 பாகை என்று வைத்துக்கொண்டால், 1000 மீட்டர் தொலைவில் திரையின் அகலம் சுமார் 1155 மீட்டரைக் காட்டுகிறது. 1920 பிக்சல் அகலத் திரையில் ஒரு பிக்சலின் பங்கு 60 சென்டிமீட்டர். 3840 பிக்சல் திரையில் 30 சென்டிமீட்டர். 1366 பிக்சல் மடிக்கணினியில் ஏறத்தாழ 85 சென்டிமீட்டர். ஒரு வண்ண விளக்குச் சிக்னலின் கண்ணாடி இவற்றில் எதையும் நிரப்பாத அளவுக்குச் சிறியது. அதாவது ஒரு கிலோமீட்டர் தொலைவில் சிக்னல் ஒரு பிக்சலுக்கும் குறைவு. உண்மை ஓட்டுநரின் கண்ணுக்கு நன்றாகத் தெரியும் ஒளி, திரையில் காணாமல் போகிறது. இதை ஈடுகட்டவே சிமுலேட்டர்களில் சிக்னல் விளக்கைச் சுற்றி உண்மையைவிடப் பெரிய ஒளிவட்டம் வரையப்படுவதுண்டு. அவ்வாறு வரையப்படாத பாதைகளில், குறைந்த பிரிதிறனில் ஓட்டுபவர் சிக்னலை மிகத் தாமதமாகவே காண்கிறார். பிரேக் போடுவதற்கான தூரம் கைவிட்டுப் போனபின் சிவப்பு தெரிந்து பயன் என்ன?

மின்பாதையில் இது இன்னும் கண்கூடானது. மேல்நிலை மின்கம்பியின் விட்டம் சுமார் 12 மில்லிமீட்டர். 50 மீட்டர் தொலைவிலேயே முழு எச்டி திரையின் ஒரு பிக்சல் 3 சென்டிமீட்டரைக் குறிக்கிறது. கம்பி பிக்சலின் பாதிகூட இல்லை. எனவே அது சில பிக்சல்களில் விழுந்து சிலவற்றில் விழாமல், விட்டுவிட்டுத் தெரியும் புள்ளிக்கோடாகிறது. ரயில் நகரும்போது அந்தப் புள்ளிகள் ஊர்ந்து மினுக்குகின்றன. ஏறத்தாழ 7 சென்டிமீட்டர் அகலமுள்ள தண்டவாளத் தலைப்பகுதிக்கும் 200 மீட்டர் தாண்டினால் இதே கதிதான்.

இதனால் விளிம்பு மென்மையாக்கம் என்னும் வசதி மற்ற விளையாட்டுகளைவிட இங்கே அதிகம் தேவைப்படுகிறது. அதன் வகைகளுக்கிடையே செலவில் பெரும் வேறுபாடு உண்டு. எம்எஸ்ஏஏ முறை பொருள்களின் விளிம்புகளை மட்டும் மென்மையாக்குகிறது. வடிவமாகவே வரையப்பட்ட கம்பிக்கு இது உதவும். ஒளிபுகும் படமாக ஒட்டப்பட்ட வேலிக்கும் இலைக்கும் பொதுவாக உதவாது. எஸ்எஸ்ஏஏ முறையில் முழுக் காட்சியும் பெரிய பிரிதிறனில் வரையப்பட்டுப் பின் சுருக்கப்படுகிறது, எல்லாமே சீராகும். ஆனால் 2×2 அளவில் அதை இயக்கினால் முழு எச்டி திரையிலும் 4கே திரைக்கான பிக்சல்களை அட்டை வரைந்துகொண்டிருக்கும். "சாதாரணத் திரைதானே, ஏன் இப்படித் தடுமாறுகிறது" என்ற புகாருக்குப் பின்னால் பலமுறை இந்த ஓர் அமைப்பு மறைந்திருக்கிறது. டிரெயின் சிம் வேர்ல்டில் உள்ள திரை விழுக்காடு அமைப்பும் இத்தகையதே. அதை 100இலிருந்து 200க்கு உயர்த்தினால் வேலை இரு மடங்கல்ல, நான்கு மடங்கு. முந்தைய பிரேம்களின் தகவலைக் கலந்து மென்மையாக்கும் டிஏஏ முறை மலிவானது, மினுக்கலையும் நன்றாக அடக்கும். அசையும் பொருள்களுக்குப் பின்னால் மங்கலான நிழல்தடம் விடுவது அதன் குறை.

என்விடியாவின் டிஎல்எஸ்எஸ், ஏஎம்டியின் எப்எஸ்ஆர் ஆகியவை குறைந்த பிரிதிறனில் வரைந்து உயர்த்திக் காட்டும் உத்திகள். மென்பொருள் அவற்றை ஏற்றால் அட்டையின் சுமை குறையும். செயலி தடையாக இருக்கும் நிலையத்தில் இந்த உத்தியால் பயனில்லை.

அட்டையின் நினைவகம்

வரைகலை அட்டையின் வேகம் வேறு, அதன் நினைவகம் வேறு. 4கே திரைக்கு அதிக நினைவகம் வேண்டும் என்பது உண்மைதான் என்றாலும், திரைப்படம் பிடிக்கும் இடம் சிறிதே. பிக்சலுக்கு 4 பைட் வீதம் 4கே திரையின் ஒரு படத்துக்கு 33 மெகாபைட். இடைநிலைப் படங்கள் பல தேவைப்பட்டாலும் மொத்தம் சில நூறு மெகாபைட்டில் அடங்கும். நினைவகத்தை விழுங்குபவை மேற்பரப்புப் படங்கள். 4096×4096 அளவுள்ள ஒரு படம் சுருக்கப்படாமல் 64 மெகாபைட் பிடிக்கிறது. சுருக்கினால் முறையைப் பொறுத்து 8 அல்லது 16 மெகாபைட். தனித்தனியே வாங்கிய இஞ்சின்களும் பெட்டிகளும், ஒவ்வொன்றும் தனக்கெனப் படங்களுடன், ஒரே நிலையத்தில் கூடும்போது நினைவகம் நிரம்பிவிடும். நிரம்பியபின் கணினியின் முதன்மை நினைவகத்திலிருந்து படங்கள் வந்துபோக வேண்டியிருக்கும். அப்போது பிரேம் வீதம் படிப்படியாகக் குறையாமல் சட்டென வெட்டி வெட்டி நிற்கும்.

அட்டையின் பெயர் ஒன்றாக இருந்தாலும் நினைவக அளவைப் பார்த்தே வாங்கவேண்டும். 2016இல் வந்த ஜிடிஎக்ஸ் 1060 அட்டை 3 ஜிகாபைட், 6 ஜிகாபைட் என இரு வடிவங்களில் விற்கப்பட்டது. குறைவானதில் நினைவகம் மட்டுமன்றிக் கணக்கீட்டு அலகுகளும் குறைவு: 1280க்குப் பதில் 1152. பழைய அட்டைகளைத் தேடி வாங்குவோர் இதைக் கவனிக்கத் தவறினால் ஏமாற்றம் நிச்சயம்.

சராசரியும் திக்கலும்

பிரேம் வீதத்தின் சராசரி மட்டும் ஓட்டும் அனுபவத்தைச் சொல்லிவிடாது. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் ரயில் நொடிக்கு 28 மீட்டர் நகர்கிறது. அரை நொடித் திக்கலில் 14 மீட்டர் போய்விடும். நடைமேடையில் நிறுத்துவதற்காக மணிக்கு 20 கிலோமீட்டரில் ஊர்ந்து வரும்போதும் அரை நொடியில் ஏறத்தாழ 3 மீட்டர் நழுவும். பொருள்கள் அதிகமாக ஏற்றப்படும் இடம் நிலையம்தான், துல்லியம் அதிகம் தேவைப்படும் இடமும் அதுதான். மைக்ரோசாப்ட் டிரெயின் சிமுலேட்டரின் நிலம் 2048 மீட்டர் பக்கமுள்ள சதுரங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. ரயில் முன்னேற முன்னேறப் புதிய சதுரங்கள் வட்டிலிருந்து ஏற்றப்படும். இவ்வகைத் திக்கலுக்கு மருந்து வரைகலை அட்டை அல்ல. சுழலும் வன்வட்டுக்குப் பதில் எஸ்எஸ்டி பொருத்துவதே பெரும்பாலும் பலன் தருகிறது.

60 ஹெர்ட்ஸ் திரையில் செங்குத்து ஒத்திசைவை இயக்கினால், கணினியால் 55 பிரேம் வரைய முடிந்தாலும் சில அமைப்புகளில் எண் 30க்கு விழும். ஒரு பிரேம் ஒரு துடிப்பைத் தவறவிட்டால் அடுத்த துடிப்புவரை காத்திருக்கவேண்டும் என்பதே காரணம். ஜி-சிங்க், ஃப்ரீசிங்க் வசதியுள்ள திரைகள் அட்டையின் வேகத்துக்கேற்பத் தம் துடிப்பை மாற்றிக்கொள்வதால் இச்சிக்கல் எழுவதில்லை. அவை இல்லாதவர்களுக்கு, 35க்கும் 60க்கும் இடையே அலைபாயும் எண்ணைவிட 30இல் நிலையாகப் பூட்டிய எண் கண்ணுக்கு இதமானது. ரயிலில் திடீர்த் திருப்பங்கள் இல்லை, 30 போதும்.

அகலத் திரையும் மூன்று திரைகளும்

திரையைக் கூர்மையாக்குவதும் அகலமாக்குவதும் ஒன்றல்ல. 4கே திரை, முழு எச்டி திரை காட்டிய அதே காட்சியைத்தான் கூடுதல் பிக்சல்களில் காட்டுகிறது. செயலிக்குக் கூடுதல் வேலை இல்லை. 3440×1440 அகலத் திரையோ, 5760×1080 ஆக இணைக்கப்பட்ட மூன்று திரைகளோ பக்கவாட்டுப் பார்வையை விரிக்கின்றன. இதுவரை காட்சிக்கு வெளியே இருந்த கட்டடங்களும் நிற்கும் ரயில்களும் உள்ளே வருகின்றன. அட்டையின் சுமையோடு செயலியின் சுமையும் சேர்ந்து ஏறுகிறது. 62 லட்சம் பிக்சல் கொண்ட மூன்று திரைகள், 83 லட்சம் பிக்சல் கொண்ட ஒற்றை 4கே திரையைவிடக் குறைந்த பிரேம் வீதம் தருவதற்கு இதுவே காரணம்.

சரிபார்க்க வேண்டியவை

அட்டையை மாற்ற முடிவெடுக்கும் முன், இருக்கும் அட்டை உண்மையில் வேலை செய்கிறதா என்று பார்ப்பது நல்லது. மேசைக் கணினியில் திரையின் கேபிளை அட்டையில் செருகாமல் மதர்போர்டில் செருகியிருந்தால், பல கணினிகளில் செயலிக்குள் இருக்கும் சிறிய வரைகலைப் பகுதியே படத்தை வரையும். வாங்கிய அட்டை சும்மா சுழலும். இரு வரைகலைப் பகுதிகள் கொண்ட மடிக்கணினிகளில், பழைய சிமுலேட்டர்களை எளிய மென்பொருள் என்று கருதி இயங்குதளம் அவற்றைச் சிறியதிடம் ஒப்படைப்பதுண்டு. விண்டோஸ் 10, 11 பதிப்புகளின் திரை அமைப்புகளில் ஒவ்வொரு மென்பொருளுக்கும் எந்த அட்டை என்று தேர்ந்தெடுக்க இடம் உள்ளது. முதல் பத்து நிமிடம் சீராக ஓடிப் பிறகு எண் சரியும் மடிக்கணினியில் குற்றவாளி வெப்பம். அதன் காற்றுத்துளைகளில் தூசி அடைத்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு மற்றதைப் பேசலாம்.

4கே திரையின் வேகம் போதாதபோது, மென்பொருளை 1920×1080 பிரிதிறனில் ஓட்டுவது ஏற்கத்தக்க வழி. ஒவ்வொரு பிக்சலும் சரியாக 2×2 பிக்சல்களாக விரிய முடியும். டிரைவரில் முழு எண் விரிவாக்கம் என்ற தேர்வு இருந்தால் படம் மங்காது. 2560×1440 திரையில் அதே 1920×1080ஐ ஓட்டினால் விகிதம் ஒன்றே கால் சொச்சம் என்று முழுமையற்று நிற்பதால் எழுத்துகளும் வேகமானியின் கோடுகளும் குழம்பித் தெரியும். அத்தகைய திரையில் பிரிதிறனைத் தொடாமல் பார்வைத் தொலைவையும் நிழலின் தரத்தையும் ஒரு படி இறக்குவது மேல்.